கடைசிப் பந்தியில் ஸ்பைடர்மேன்

எங்கள் ஊர் கன்னிவாடிப் பக்கம் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். அப்பளம் தீர்ந்திருக்கும், பாயசம் வாளியின் அடியில் நிற்கும், சாம்பார் ஆறியிருக்கும். வெளிவந்து பல வருஷம் ஆன வீடியோ கேமும் அப்படித்தான் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ 2018 செப்டம்பர் 7 அன்று பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. அதை அக்கா மகனின் கம்ப்யூட்டரில் நான் தொட்டது அண்மையில்தான். எதுவும் ஆறியிருக்கவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள, அந்த விளையாட்டின் சமையல்கட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

சினிமா என்பது சமைத்து முடித்து டப்பாவில் அடைத்த சாப்பாடு. எடுத்த அன்றைக்கு எப்படியோ, இன்றைக்கும் அப்படியேதான். கேம் வேறு மாதிரி. நம் வீட்டுக்கு வருவது அரிசி, பருப்பு, காய்கறி, கூடவே பக்குவம் எழுதிய தாள், அவ்வளவுதான். சமையல் நடப்பது நம் மேசை மேல். திரையில் தெரியும் நியூயார்க் நகரம் நொடிக்கு 30 தடவை புதிதாகச் சமைக்கப்படுகிறது. ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 33 மில்லிநொடி. நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் 17 மில்லிநொடிக்குள் இறக்கியாக வேண்டும். அதற்குள் நாம் எந்தப் பொத்தானை அழுத்தினோம், ஸ்பைடர்மேன் எங்கே தொங்குகிறார், வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்பதெல்லாம் கணக்காகி, அடுத்த படம் சுடச்சுட வந்துவிடுகிறது. பக்குவம் பழையது, சாப்பாடு இந்த நொடியில் இறக்கியது.

சரக்கு இருக்கும் உக்கிராணம்தான் ஹார்ட் டிஸ்க். எடுத்து வந்து பரப்பி வைக்கும் மேடை, மெமரி. கோட்டை அடுப்பு, கிராபிக்ஸ் கார்டு. உக்கிராணம் பெரிது, மேடை சிறிது. பிளேஸ்டேஷன் 4-இன் மேடை மொத்தமே 8 ஜிபி. மன்ஹாட்டன் முழுவதையும் அதில் பரப்ப வழியில்லை. அதனால் கலிபோர்னியாவின் இன்சோம்னியாக் நிறுவனத்தார் நகரத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டினார்கள். ஸ்பைடர்மேன் போகும் திசையில் இருக்கும் துண்டுகள் முன்கூட்டியே மேடைக்கு வரும், தாண்டிப் போனவை இறங்கிவிடும். நல்ல பந்தி விசாரணை இப்படித்தான் நடக்கும். ஆள் உட்கார்ந்த பிறகு சோற்றுக்கு ஓடக்கூடாது. அவர் வரும்போதே இலையில் எல்லாம் இருக்க வேண்டும்.

சிக்கல் உக்கிராணத்தில்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து சரக்கைத் தேடும். உப்பு ஒரு மூலையில், மிளகாய் இன்னொரு மூலையில் இருந்தால், எடுக்கப் போன பையன் நடந்தே நேரத்தைத் தொலைப்பான். அதற்கு ஒரே வழி, ஒவ்வொரு அடுப்புக்கும் பக்கத்திலேயே தனித்தனி உப்பு டப்பா வைப்பது. அதையேதான் செய்தார்கள். பிளேஸ்டேஷன் 4-இன் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய மார்க் செர்னி 2020 மார்ச்சில் பேசும்போது, இந்த விளையாட்டின் சில சரக்குகள் டிஸ்க்கில் 400 இடங்களில் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டிருந்ததாகச் சொன்னார். ஒரே தெருச் சாமான் 400 பிரதி! வீண் என்று தோன்றும். ஆனால் அந்த வீண்தான் ஸ்பைடர்மேனைத் தடங்கலில்லாமல் பறக்க வைத்தது. அவர் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதற்கு எல்லை போட்டது சிலந்தியின் பலம் இல்லை. நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரை மட்டுமே தரக்கூடிய அந்த டிஸ்க்.

தூரத்துக் கட்டடங்களுக்கு இன்னொரு உபாயம். பந்தியின் கடைக்கோடியில் இலை மட்டும் போட்டுத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். ஆள் நெருங்க நெருங்கத்தான் பொரியல், கூட்டு, சோறு. அதுபோல எட்டத்தில் நிற்கும் கோபுரம் வெறும் பெட்டி, மேலே ஒரு படம் ஒட்டியிருக்கும். கிட்டே போனால்தான் ஜன்னல், குழாய், ஏணி எல்லாம் முளைக்கும். கன்னிவாடியில் நின்று பழனி மலைத்தொடரைப் பார்த்தால் நீலமாக ஒரு மேடுதான் தெரிகிறது, தனி மரம் தெரிவதில்லை. கண்ணுக்கு எட்டாததைச் சமைக்காமல் விட்டால், மிச்சமாகும் விறகு முன்னால் இருப்பதற்கு உதவும். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் நாற்காலி, விளக்கோடு ஒரு அறை தெரியும். அந்த அறையும் கிடையாது. தட்டையான கண்ணாடிமேல், நாம் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப வரையப்படும் தோற்றம் அது. இதைக் கண்டுகொண்ட பிறகு எனக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இனி வலை. மனத்தைப் பறிகொடுத்தது இங்கேதான். 2000-இல் நெவர்சாஃப்ட் செய்த ஸ்பைடர்மேன் விளையாட்டில் வலை வானத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே எதுவும் இருக்காது. 2004-இல் ட்ரேயார்க் நிறுவனத்தின் ‘ஸ்பைடர்மேன் 2’ வந்தபோது, அங்கே வேலை பார்த்த ஜேமி ஃப்ரிஸ்ட்ரம் என்பவரின் முயற்சியால் வலை நிஜமான சுவரைத் தேடிப் பிடித்தது. 2018 விளையாட்டும் அந்த வழிதான். “மாமா, பார்க் பக்கம் போகாதீங்க, ஒட்ட ஒண்ணும் இருக்காது” என்று அக்கா மகன் எச்சரித்தது அதனால்தான். சென்ட்ரல் பார்க்கில் கட்டடம் கிடையாது. மரத்தைப் பிடித்துப் பிடித்துத் தாழ்வாகத்தான் போக வேண்டும்.

வலை பிடித்த கணத்திலிருந்து உடம்பு ஊசலாகிவிடுகிறது. கீழே இறங்க இறங்க வேகம் ஏறும். அடிப்புள்ளியில் விட்டால் முன்னால் பாயும், உச்சியில் விட்டால் மேலே எழும்பும். இந்தக் கணக்கு ஒவ்வொரு படத்துக்கும் போடப்படுகிறது. ஆனால் இயற்பியலை அப்படியே பரிமாறினால் வாயில் வைக்க முடியாது. தரையில் மோதிக்கொண்டே இருப்போம். எனவே தெருவை உரசாதபடி ஊசலைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறார்கள், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடாமல் வைத்திருக்கிறார்கள். புளி தூக்கலான குழம்பில் கிள்ளிப் போட்ட வெல்லம் போல அந்தத் திருத்தம் தெரிவதே இல்லை. கோயில் கோபுரத்தையும் செல்போன் டவரையும் விட உயரமாக எதுவும் இல்லாத ஊர்க்காரன், எம்பயர் ஸ்டேட் கட்டட உச்சியிலிருந்து குதித்து, தெருவுக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது வலையைப் பிடித்து மேலேறுகிறபோது வயிற்றில் உண்மையாகவே ஒரு குளிர் பரவுகிறது.

சண்டை முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் லண்டனின் ராக்ஸ்டெடி ‘பேட்மேன்: ஆர்காம் அசைலம்’ விளையாட்டில் போட்டுக் கொடுத்த பாதைதான்: அடி, விலகு, தாளம் தப்பாமல் அடுத்தவனிடம் தாவு.

தாமதமாக வந்தவனுக்குக் கிடைத்தது என்ன? கம்ப்யூட்டர் பதிப்பு 2022 ஆகஸ்ட் 12-இல் வந்தது. நெதர்லாந்தின் நிக்சஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. 2018 கடைசியில் தனித்தனியாக விற்ற மூன்று கூடுதல் அத்தியாயங்களும் அதிலேயே அடக்கம். அதே பக்குவத்தை இன்றைய அடுப்பில் ஏற்றினால், கண்ணாடிக் கட்டடங்களில் எதிர்த் தெரு நிஜமாகவே பிரதிபலிக்கிறது. சின்ன அடுப்பிலும் வேகும்: ஜிடிஎக்ஸ் 950 கார்டும் 8 ஜிபி மெமரியும் இருந்தால் போதும் என்கிறார்கள். டிஸ்க்கில் 75 ஜிபி இடம் வேண்டும். அவ்வளவையும் 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுப்பது நல்லது.

தாமதம் நமக்குப் புதிதும் அல்ல. ஸ்பைடர்மேன் முதலில் தோன்றியது 1962 ஆகஸ்ட் தேதியிட்ட அமெரிக்க இதழில். அதே 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய ஒரு கதை, பத்து வருஷம் கழித்து 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது: ‘இரும்புக்கை மாயாவி’. அதைக் கையில் வாங்கிய தமிழ்ப் பிள்ளைகள் யாரும் பழசு என்று திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தத் தலைமுறையில் பலர் இன்றும் மறுபதிப்புகளைத் தேடி வாங்குகிறார்கள்.

தவறவிடக்கூடாத ஒன்று உண்டு. தூரத்து இடத்துக்கு உடனே போகும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், ஸ்பைடர்மேன் முழு உடையோடு சுரங்க ரயிலில் பயணிகள் நடுவே உட்கார்ந்திருக்கும் காட்சி வரும். உக்கிராணத்திலிருந்து சரக்கு வந்து சேரும்வரை நம்மைக் காக்க வைக்கப் போட்ட காட்சி அது. பக்கத்தில் இருப்பவர் தூங்குவதுகூட ரசனையாக இருக்கும். நொடிக்கு 5.5 ஜிபி தரும் பிளேஸ்டேஷன் 5-இல் காத்திருக்கவே வேண்டியதில்லை என்பதால், கண்ணில் பதிவதற்குள் ரயில் போய்விடுகிறது. பழைய பிளேஸ்டேஷன் 4 இன்னும் ஓடுகிற வீடாக இருந்தால், ஒன்றிரண்டு தடவையாவது அந்த ரயிலில் ஏறிப் பாருங்கள்.