பொன்னம்பலம் என்னும் பெயர்

தில்லையில் கூத்தன் ஆடும் மன்றமே பொன்னம்பலம். அதனை மக்களுக்குப் பெயராக இடுவது யாழ்ப்பாணத்துச் சைவர் மரபு. தந்தையின் இயற்பெயர் மகன் பெயருக்கு முன்னே நிற்பதும் அவர்தம் வழக்கமே.

பொன்னம்பல முதலியாரின் மைந்தர்கள் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930), பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) என விளங்கினர். அருணாசலத்தின் புதல்வரோ அருணாசலம் மகாதேவா. பாட்டனார் பெயர் அங்கே மறைந்தது.

ஜி. ஜி. பொன்னம்பலத்தின் இல்லத்தில் அவ்வழக்கம் மாறிற்று. அவருடைய இயற்பெயரே மகன் குமார் பொன்னம்பலத்துக்கும், பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலத்துக்கும் குடும்பப் பெயராய் நிலைத்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் இவரும் மகாதேவாவும் எதிர்நின்றனர். வென்றவர் பெயர் பொன்னம்பலம். தோற்றவரோ பொன்னம்பல முதலியாரின் பேரர்!

பெயர் ஒன்றையே கொண்டு குலமுறை அறியவொண்ணாது. மாணவர்களே, உங்கள் பாட்டனார், பூட்டனார் பெயர்களை வீட்டுப் பெரியோரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.