மின்னும் அளவும்

கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரத்தை நோக்கி இரவுப் பொழுதிற் செல்வோர், நெடுஞ்சாலையை ஒட்டி விளக்குகள் வரிசை வரிசையாக ஒளிர்வதைக் காண்பர். அதுவே சிப்காட் தொழிற்பேட்டை ஆகும். 1971-ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு மாநிலத் தொழில் முன்னேற்ற நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கியே சிப்காட் என வழங்குகின்றனர். அங்கே மருந்துகளும் சாயங்களும் பிற வேதிப் பொருள்களும் ஆக்கப்படுகின்றன. நீரை இறைக்கும் எக்கிகளையும், கலவையைக் கலக்கும் பொறிகளையும், வெப்பந்தரும் கலங்களையும் இயக்குவது மின்னாற்றலே. அதே மாவட்டத்தைச் சேர்ந்த நெய்வேலியில் 1962-ஆம் ஆண்டு முதல் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு மின்னாற்றல் ஆக்கப்பட்டு வருகின்றது.

மின்னாற்றல் கண்ணுக்குப் புலனாவதன்று. ஆயினும் அளவறிந்து ஆள்வோருக்கு அஃது ஏவல் செய்யும். அளவறியாதாரது உயிரையும் கொள்ளும். ஆதலின் அதனை அளந்தறியும் முறையை நாம் கற்றல் வேண்டும்.

மாணவர்களே! உயரத்தில் அமைந்த நீர்த்தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயர உயர நீரைத் தள்ளும் அழுத்தம் மிகும். குழாய் குறுகக் குறுக நீரின் ஓட்டம் தடைப்படும். மின்னுக்கும் இம்மூன்றும் உண்டு. தள்ளும் விசை போன்றது மின்னழுத்தம்; அதனை வோல்ட் என்னும் அலகால் அளப்பர். கம்பியில் ஓடுவது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். ஓட்டத்தைத் தடுப்பது மின்தடை. அதன் அலகு ஓம்.

ஓம் என்பது ஓர் அறிஞரின் பெயர். ஜார்ஜ் சைமன் ஓம் என்பார் 1789-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மைந்தராகப் பிறந்தார். கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். கம்பிகளின் நீளத்தை மாற்றி மாற்றிப் பலகாலும் சோதனை செய்து, தாம் கண்ட விதியை 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர்தம் நாட்டினர் அந்நூலை மதித்திலர். மனம் நொந்த அவர் ஆசிரியப் பணியையும் துறந்தார். ஆயினும் உண்மை நெடுநாள் மறைந்திராது அன்றோ? 1841-ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துப் பெருமை செய்தது.

அவர் கண்ட விதி எளியது. வெப்பநிலை மாறாதிருக்குமாயின், ஒரு கம்பியில் மின்னழுத்தம் எவ்வளவு மிகுமோ அந்த விகிதத்திலேயே மின்னோட்டமும் மிகும். எனவே,

மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் = மின்தடை.

மின்னாற்றல் எவ்வளவு விரைவாக வேலை செய்கின்றது என்பதை மின்திறன் என்பர். அதன் அலகு வாட்.

மின்னழுத்தம் × மின்னோட்டம் = மின்திறன்.

வெப்பமூட்டும் கருவி ஒன்று 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் பெறுகின்றது எனக் கொள்வோம். 230-ஐ 10-ஆல் வகுக்க, அதன் தடை 23 ஓம். 230-ஐ 10-ஆல் பெருக்க, அதன் திறன் 2,300 வாட். 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாயின் அதுவே ஒரு யூனிட். ஆகவே இக்கருவி மணிக்கு 2.3 யூனிட் உண்ணும். மோட்டார்களின் திறனைக் கணக்கிடத் திறன் காரணி என்னும் பிறிதோர் எண்ணையும் பெருக்குதல் வேண்டும்; அதனை மேல்வகுப்பிற் கற்பீர்கள்.

இவ்விரு விதிகளையும் இணைத்தால் மற்றோர் உண்மை விளங்கும். கம்பியில் வீணாகும் வெப்பத்தை அறிய, மின்னோட்டத்தை அதனாலேயே பெருக்கி, மீண்டும் தடையாற் பெருக்குதல் வேண்டும். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும். ஓர் ஆலைக்கு 1,10,000 வாட் தேவை எனவும், அதற்குச் செல்லும் கம்பியின் தடை 0.1 ஓம் எனவும் கொள்க. 220 வோல்ட்டில் அனுப்பினால் 500 ஆம்பியர் ஓடும். 25,000 வாட் கம்பியிலேயே வெப்பமாய் ஒழியும். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியரே ஓடும். வீணாவது 10 வாட் மட்டுமே. உயரழுத்தக் கம்பிகளில் மின்னைக் கொணர்ந்து, மின்மாற்றியால் அழுத்தத்தைக் குறைத்து வழங்குவதன் காரணம் இதுவே.

சரியாக முறுக்கப்படாத ஓர் இணைப்பின் தடை 1 ஓம் என்க. அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால், அச்சிறு முனையில் 100 வாட் வெப்பம் எழும். வீடுகளும் ஆலைகளும் தீப்பற்றுதற்கு இத்தகைய தளர்ந்த இணைப்பும் ஒரு காரணம்.

நம் உடலும் ஒரு மின்தடையே. உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம் இருத்தல் கூடும். ஈரம் பட்டால் உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடும். 230-ஐ 1,000-ஆல் வகுத்துப் பாருங்கள். வருவது 0.23 ஆம்பியர். 60 வாட் இழை விளக்கு ஒன்று எரியத் தேவைப்படும் ஓட்டத்தினும் இது குறைவு. ஆனால் நெஞ்சத் துடிப்பை நிறுத்த இதுவே போதும்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கிற் சாய்ந்தன. அத்தகைய காலத்தில் அறுந்து கிடக்கும் கம்பியை அணுகுதல் ஆகாது. மின்வாரியத்தார்க்கு அறிவித்து, பிறரையும் விலகி நிற்கச் செய்தல் வேண்டும். ஈரக்கையால் மின் விசையைத் தொடுதலும் ஆகாது.

பெருக்கலும் வகுத்தலும் தேர்வுக்கு மட்டும் உரியன என்று எண்ணாதீர்கள். இன்று ஏட்டில் வகுத்தறிந்த 0.23 என்னும் எண், நாளை ஈரக்கையோடு விசையை நாடும் பொழுது உங்கள் நினைவிற்கு வருமாயின், இப்பாடம் பயன் தந்ததாகும்.