நாரத்தை மணக்கும் நகரங்கள்

ஸ்பெயினின் தென்பாகமாகிய அண்டலூசியாவில் யாத்திரை செய்தபோது எனக்கும் என் மனைவிக்கும் ஓர் உடன்படிக்கை: கட்டடங்கள் என் பொறுப்பு, ஆகாரம் அவள் பொறுப்பு.

செவில் நகர வீதிகளில் பழுத்துத் தொங்கிய ஆரஞ்சு ஒன்றை ஆசையுடன் சுவைத்தேன். ஒரே கசப்பு! "நம் நாரத்தையின் பங்காளி" என்று அவள் தீர்ப்பளித்தாள். வாஸ்தவமே. ஆரஞ்சைக் குறிக்கும் 'நரன்ஹா' என்ற ஸ்பானியச் சொல், ஸம்ஸ்கிருத 'நாரங்கம்' பாரசீகம், அரபு வழியே அங்கு சென்றடைந்த உருவம். அம்மரத்தையும் கொண்டுசென்றவர்கள் அராபியரே.

கார்டோபாவில் 785-ல் தொடங்கிய மசூதியினுள் எண்ணூறுக்கு மேற்பட்ட தூண்கள் தென்னந்தோப்பெனப் பரந்து நிற்கின்றன. 1236-ல் நகரம் கிறிஸ்தவர் வசமாயிற்று. 1523-ல், நகர சபை ஆட்சேபித்தும், நடுவிலிருந்த தூண்களை அகற்றி மாதாகோயில் எழுப்பத் தொடங்கினர். அதுவும் அழகியதே; ஆயினும் அண்ணாந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. "கோயிலாக்கியதால்தானே மற்றத் தூண்களாவது பிழைத்தன?" என்றாள் மனைவி. விடை கூற இயலவில்லை.

அன்று பகல் 'சல்மொரெஹோ' உண்டோம்: தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த குழம்பு. தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது. கொலம்பஸ் அத்திசையில் புறப்பட்ட 1492-லேதான் கிரனாடாவின் கடைசி ஸுல்தான் அல்ஹம்ப்ராவைக் கையளித்தான். அவ்வரண்மனைக்கு முன்னதாகவே சீட்டு வாங்கிக்கொள்க. சாகபட்சணிகள் உணவு விடுதியில் நுழைந்ததுமே சொல்லிவைப்பதும் நலம். பன்றியிறைச்சித் துண்டு எதன்மீதும் வந்து அமர்ந்துவிடும்.