தறியைக் காத்த சட்டம் ராட்டையை மறந்தது: காஷ்மீர் பஷ்மினா நூற்கும் பெண்களின் கதை

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கும் வேளையில்தான் காஷ்மீர் சால்வை வியாபாரிகளும் தில்லிக்கு வந்து சேருகின்றனர். தோளில் பெரிய துணிமூட்டையுடன் தெற்கு தில்லிக் குடியிருப்புகளில் மாடி மாடியாக ஏறி இறங்கும் இவர்களைத் தலைநகர்வாசிகள் நன்கு அறிவர். மார்ச் மாதம் வெயில் உறைக்கத் தொடங்கியதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்குத் திரும்பிவிடுவர்.

தமிழகத்தில் சால்வை என்றால் மேடைதான் நினைவுக்கு வரும். தலைவரின் தோளில் போர்த்தப்பட்ட மறுகணமே அது உதவியாளரின் கைக்குப் போய்விடும். தில்லியின் டிசம்பர் குளிரில் அது அலங்காரம் அல்ல, தேவை.

எங்கள் குடியிருப்புக்குப் பல ஆண்டுகளாக வந்து செல்லும் ஸ்ரீநகர் வியாபாரி ஒருவரின் மூட்டையில் பஷ்மினா சால்வைகள் இரு வகையாக இருந்தன. மேலே அடுக்கியிருந்தவை இயந்திரத்தில் நூற்ற நூலால் ஆனவை. அடியில், பழைய பருத்தித் துணியில் தனியே சுற்றி வைத்திருந்த மூன்று மட்டும் கையால் நூற்ற நூலால் நெய்தவை. அந்த மூன்றில் ஒன்றின் நூல் தம் தாயார் நூற்றது என்றார் அவர். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டு வாங்குவோர் ஒரு பருவத்தில் நான்கைந்து பேர் இருந்தால் அதிகமாம்.

பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், சாங்பா எனப்படும் நாடோடி மேய்ப்பர்கள் வளர்க்கும் ஆடுகளின் உள்முடி. கடுங்குளிரைத் தாங்குவதற்காக வளரும் இம்முடி வசந்த காலத்தில் தானே உதிரத் தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கப்படுகிறது. ஓர் ஆட்டிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் கால் கிலோ கிடைக்கும். முரட்டு முடியை நீக்கிய பின் அதில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். அதன் தடிமன் 16 மைக்ரானுக்கும் குறைவு. மனிதத் தலைமுடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இந்த முடி காஷ்மீர் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததும் பெண்களின் வேலை தொடங்குகிறது. செங்குத்தாக நிறுத்திய சீப்பில் முடியை வாரிச் சுத்தம் செய்கின்றனர். ஊறவைத்து இடித்த அரிசி மாவில் அதைப் பிசைந்து வைக்கின்றனர். மாவு அழுக்கையும் பிசுக்கையும் இழுத்துக்கொள்ள, முடி மென்மையும் வெண்மையும் பெறுகிறது. பின்னர் மாவை உதறிவிட்டு, 'யெந்தர்' என்று காஷ்மீரியில் அழைக்கப்படும் ராட்டையில் நூற்கின்றனர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இழை அது. இழுக்கும் விரல் சற்றே தடுமாறினாலும் அறுந்துவிடும்.

இதற்கெனத் தனியாகப் பணிக்கூடம் கிடையாது. அதிகாலைத் தொழுகைக்குப் பின்னும், அடுப்பு வேலை ஓய்ந்த பிற்பகலிலும், பிள்ளைகள் உறங்கிய இரவிலுமாக இவ்வேலை நடக்கிறது. குளிர்காலத்தில் தணல் நிறைந்த காங்கிரி பக்கத்திலிருக்கும். தாயிடமிருந்து மகளும், மாமியாரிடமிருந்து மருமகளும் கற்றுக்கொள்வதே வழக்கம். கணவரை இழந்த பெண்கள் ராட்டையை நம்பியே பிள்ளைகளைப் படிக்கவைத்துத் திருமணமும் செய்துவைத்த குடும்பங்கள் ஸ்ரீநகரின் பழைய நகரப் பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு.

1822-23-ல் காஷ்மீரில் தங்கியிருந்த வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர், சால்வைத் தொழிலின் ஒவ்வொரு படிநிலையையும் எழுதி வைத்துள்ளார். சிறுமிகள் பத்து வயதிலேயே நூற்கத் தொடங்குவதாகவும், ஒரு லட்சம் பெண்கள் இத்தொழிலில் இருப்பதாகவும் அவர் மதிப்பிட்டார். அவர்களில் பத்தில் ஒரு பங்கினர் தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ சால்வை செய்துகொள்வதற்காக நூற்கின்றனர். எஞ்சியோர் பிழைப்புக்காக நூற்கின்றனர் என்பதும் அவரது குறிப்பு.

ஆண்களான நெசவாளர்கள் வரலாற்றில் இடம்பெற்றனர். டோக்ரா ஆட்சியின் கடும் வரியை எதிர்த்து 1865 ஏப்ரல் 29-ம் தேதி ஸ்ரீநகரின் ஸல்டகர் பகுதியில் திரண்ட சால்வை நெசவாளர்கள் மீது படை ஏவப்பட்டதில் 28 பேர் உயிரிழந்ததாகக் கூறப்படுகிறது. காஷ்மீர் அரசியலில் இன்றும் நினைவுகூரப்படும் நாள் அது. அந்தத் தறிகளுக்கு நூல் கொடுத்த பெண்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

முடிச்சுக்கு ஒரு ரூபாய்: நூற்கும் பெண்களுக்குக் கூலி கணக்கிடும் முறை தனிவகையானது. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள பத்து இழைகள் சேர்ந்தது ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்ற விலை நெடுங்காலம் அசையாமல் நின்றது. அரிசி விலை, பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு என அனைத்தும் ஏறிய ஆண்டுகள் அவை. நாள் முழுவதும் குனிந்திருந்தாலும் நூறு, நூற்றைம்பது ரூபாயைத் தாண்டுவது அரிதாக இருந்தது. கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாளின் தினக்கூலி இதைவிட அதிகம்.

இந்நிலையில்தான் இயந்திரம் நுழைந்தது. நூற்பாலையின் வேகத்தைப் பஷ்மினா தாங்காது என்பதால், பலம் சேர்ப்பதற்காக நைலான் இழையைக் கலந்து நூற்கின்றனர். நெய்து முடித்த பின் அமிலத்தில் நனைத்து நைலானைக் கரைத்துவிடுகின்றனர். இறுதியில் கிடைப்பது பஷ்மினாதான். ஆனால் அமிலம் பட்ட இழை வலுவிழந்தது. கையால் நூற்ற சால்வையைப் போலத் தலைமுறைகளுக்கு நிற்காது. கடையில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. விலையில் மட்டும் தெரியும். நூல் வியாபாரிகள் இயந்திர நூலுக்கு மாறியதும் பல வீடுகளில் ராட்டை பரணுக்கு ஏறியது.

இதைத் தடுக்கச் சட்டமில்லையா என்றால், இருக்கிறது, ஆனால் பாதிவரைதான். கைத்தறிக்கென சில பொருள்களை ஒதுக்கீடு செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 1985-ல் இயற்றியது. விசைத்தறி உரிமையாளர்கள் அதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில், சட்டம் செல்லும் என 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டுப் பட்டியல் பின்னர் 11 ஆகச் சுருங்கியது. எஞ்சிய பதினொன்றில், நமது சேலை, வேட்டி, ஜமக்காளத்துடன் சால்வையும் இடம்பெற்றுள்ளது. ஆகவே பவானி ஜமக்காள நெசவாளருக்கும் காஷ்மீர் சால்வை நெசவாளருக்கும் பாதுகாப்பு அளிப்பது ஒரே சட்டம்.

ஆனால் அச்சட்டம் பேசுவது தறியைப் பற்றி மட்டுமே. நூல் எங்கிருந்து வந்தது, எதில் நூற்றது என்று அது கேட்பதில்லை. பருத்தியைப் பொருத்தவரை இதில் குறையொன்றும் இல்லை. ஈரோட்டுக் கைத்தறி நெசவாளர் ஆலை நூலை வாங்கித்தான் நெய்கிறார். பஷ்மினாவின் நிலையோ வேறு. அங்கு நெசவுக்கு இணையான நுட்பமும், நெசவைவிட அதிக நேரமும் நூற்பில்தான் செலவாகின்றன. ஆலை நூலைக் கைத்தறியில் நெய்தால் ஆண் நெசவாளரின் வேலை சட்டப்படி காப்பாற்றப்படுகிறது. பெண்ணின் வேலை சட்டப்படியே பறிபோகிறது. சட்டம் இயற்றியவர்களுக்கு இது உள்நோக்கமாக இருந்திருக்காது. அவர்கள் பருத்தியை மட்டும் மனத்தில் கொண்டிருந்தனர் என்றே கருத வேண்டியுள்ளது.

ராட்டையைப் பெயர் சொல்லிக் காப்பது புவிசார் குறியீடு ஒன்றுதான். சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் 2008-ல் 'காஷ்மீர் பஷ்மினா'வைப் பதிவு செய்தது. 16 மைக்ரானுக்கு மிகாத தூய பஷ்மினா, கையால் நூற்றது, கையால் நெய்தது என்பவை அதற்கான நிபந்தனைகள். ஸ்ரீநகரில் உள்ள ஆய்வகத்தில் சோதித்து முத்திரை வழங்கப்படுகிறது. எனினும் முத்திரை பெறுவது கட்டாயமன்று. முத்திரையின்றி இயந்திர நூல் சால்வையைப் 'பஷ்மினா' என்று மட்டும் சொல்லி விற்பவரை அது எளிதில் தொட முடியாது. வாங்குவோர் முத்திரையைக் கேட்டால்தான் அதற்குப் பலன்.

எந்த அமைச்சரிடம் கேட்பது? பஷ்மினா குறித்து உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்ப விரும்பினால், முதலில் எந்த அமைச்சகத்துக்கு அனுப்புவது என்று யோசிக்க வேண்டும். ஆடு கால்நடை பராமரிப்புத் துறையைச் சேர்ந்தது. அதன் முடி, ஜவுளித் துறைக்கு உரியது. புவிசார் குறியீடு வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் பொறுப்பு. ஷாதூஷ் கலப்படம் என்றால் சுற்றுச்சூழல் அமைச்சகம். சாங்தாங் மேய்ச்சல் நிலம் சீன எல்லையை ஒட்டியது என்பதால் பாதுகாப்பு அமைச்சகமும் உள்துறையும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, 2019 அக்டோபர் 31 முதல் ஆடு ஒரு யூனியன் பிரதேசத்திலும் ராட்டை மற்றொரு யூனியன் பிரதேசத்திலும் இருக்கின்றன.

மேய்ச்சல் நிலம் சுருங்குவது குறித்து சாங்பா மக்கள் எழுப்பும் புகார் தனிக் கட்டுரைக்குரியது. 2020 எல்லை மோதலுக்குப் பின் தங்கள் பாரம்பரிய மேய்ச்சல் பகுதிகள் சிலவற்றுக்குச் செல்ல முடியவில்லை என்கின்றனர் அவர்கள். இதை நாட்டுக்குக் காட்டுவதற்காக 2024 ஏப்ரலில் சோனம் வாங்சுக் 'பஷ்மினா பேரணி' அறிவித்ததும், லே பகுதியில் தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டதை அடுத்து அது கைவிடப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

நூற்கும் பெண்ணின் சட்ட நிலைக்கு வருவோம். அவர் தொழிலாளியா, வியாபாரியா என்பதே தெளிவாக இல்லை. சிலர் வியாபாரி தரும் முடியை நூற்றுக் கூலி பெறுகின்றனர். வேறு சிலர் சொந்தப் பணத்தில் முடியை வாங்கி, நூற்று, நூலை விற்கின்றனர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, வீட்டிலிருந்தபடி உற்பத்தி செய்யும் தொழிலாளியை வரையறுத்துள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒரு முதலாளிக்காக ஊதியத்துக்கு உழைப்பவர் என்பது அந்த வரையறை. தானே முடி வாங்கி நூல் விற்கும் பெண்ணுக்கு முதலாளி யார்? வீட்டுவழித் தொழிலாளர்களுக்கான 1996-ம் ஆண்டின் சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கையை இந்தியா இதுவரை ஏற்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

கூலியை உயர்த்தவும், காலால் மிதித்து இயக்கும் மேம்பட்ட ராட்டைகளை வழங்கவும் அண்மை ஆண்டுகளில் முயற்சிகள் நடந்துள்ளன. பரணிலிருந்து ராட்டையை இறக்கிய பெண்களும் உண்டு. எனினும் மகள்களைத் திரும்ப அழைத்து வருவது எளிதன்று. கண் பார்வையும் முதுகும் கெட, சித்தாள் கூலிகூடக் கிடைக்காத வேலையை அவர்கள் ஏன் கற்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். பழமை அழிகிறதே என்று தில்லிக் கருத்தரங்குகளில் வருந்துவோர் எவரும் தம் பெண்ணுக்கு ராட்டை வாங்கித் தந்ததாகத் தெரியவில்லை.

நமது வியாபாரியின் வீட்டிலும் அதுதான் நிலை. அவருடைய படிப்புச் செலவும் இரு சகோதரிகளின் திருமணச் செலவும் பெருமளவு தாயாரின் ராட்டையிலிருந்து வந்தவை. அவருடைய மகள் இப்போது செவிலியர் படிப்பில் இருக்கிறார், ராட்டையைத் தொட்டதில்லை. அதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தோன்றவில்லை. 2025 ஏப்ரலில் நிகழ்ந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பின் முசூரியில் காஷ்மீர் சால்வை வியாபாரிகள் தாக்கப்பட்டபோது, இந்த மூட்டையையும் விட்டுவிடலாமா என்று யோசித்ததாகக் கூறினார். சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம்.

தாயாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. பார்வை மங்கிய பின்னும் விரல் உணர்வைக் கொண்டே நாளுக்குச் சிறிது நேரம் நூற்கிறார். மூட்டையிலிருந்த சால்வைதான் அவருடைய நூலில் விற்பனைக்கு வந்த கடைசிச் சால்வை. இப்போது நூற்றுச் சேர்த்து வருவது பேத்தியின் திருமணத்துக்காக. அதற்கு விலை பேச வேண்டாம் என்று வியாபாரியான மகனிடமே சொல்லிவிட்டாராம்.