மண்ணெண்ணெயில் ஓடும் விண்டோஸ்

1990களின் முற்பாதியில், பொருளாதாரத் தடை இறுகியிருந்த யாழ்ப்பாணத்தில், பெற்றோல் இஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் மோட்டார் சைக்கிள் உயிர் பெறும். பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடும். புகை தள்ளும், பின்னால் ஒருவர் ஏறினால் திணறும், ஆனாலும் ஓடியது. ஒன்றுக்கென்று செய்த இஞ்சினுக்கு வேறொன்றைக் குடிக்கக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதே கணக்கு இப்போது மடிகணினிக்குள் வந்திருக்கிறது. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வரும் மாமாவின் பெட்டிக்குள், மருமகளுக்கென்று ஒரு அப்பிள் மக்புக் இருக்கும். வீடெல்லாம் பெருமை. இரண்டு கிழமை கழித்துத்தான் தெரியும், வகுப்பில் கேட்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்று. கடைக்குக் கொண்டுபோனால், “இதுக்கு விண்டோஸ் போட ஏலாது” என்பார் ஒருவர். “ஏன் ஏலாது, போடலாம்” என்பார் பக்கத்துக் கடைக்காரர். இருவர் சொல்வதும் பாதி உண்மை.

2006 முதல் 2020 வரை வந்த மக் கணினிகளில் இன்டெல் செயலி இருந்தது. சாதாரண விண்டோஸ் கணினிகளிலும் அதே குடும்பத்துச் செயலிதான். ஆகவே ‘பூட் காம்ப்’ என்ற வசதியைக் கொண்டு, மக்கில் விண்டோஸை நேரடியாகவே நிறுவலாம். 2020 நவம்பரில் அப்பிள் எம்1 என்ற சொந்தச் சில்லை இறக்கியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. எம்1 ஆர்ம் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்டெலின் ஆணைகள் அதற்குப் புரியாது.

ஆர்ம் புதிதாகப் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகோர்ன் கம்பனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபெர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லு, 1985 ஏப்ரல் 26 அன்று இயங்கத் தொடங்கியது. அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளக்கப் போனபோது மானி பூச்சியம் காட்டியதாம். பார்த்தால் மின் இணைப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. மற்றக் கம்பிகள் வழியே கசிந்து வந்த மின்சாரத்திலேயே சில்லு ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகாது. இன்று கைத்தொலைபேசிகள் ஏறக்குறைய எல்லாமே ஆர்ம் சில்லில் ஓடுவதற்கும் இந்தச் சிக்கனம்தான் காரணம். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. விசிறியே இல்லாத எம்1 மக்புக் எயர், ஒருமுறை மின்னேற்றினால் 15 மணித்தியாலம் இணையத்தில் உலாவலாம் என்பது அப்பிள் சொன்ன கணக்கு.

நேரடியாகப் போட முடியாது என்றால், உள்ளே வைத்துப் போடலாம். இலங்கைப் பாடநூல் ‘பணிசெயல் முறைமை’ என்றும் தமிழ்நாட்டார் ‘இயங்குதளம்’ என்றும் சொல்வதை, இன்னொரு பணிசெயல் முறைமைக்குள் ஒரு சாளரமாக ஓடவிடுவதே மெய்நிகர் இயந்திரம். ஐபிஎம் தன் பெருங்கணினிகளில் 1960களிலேயே செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்த பழைய யோசனை அது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு உவமை தேடி அலைய வேண்டியதில்லை, பங்குக் கிணறு இருக்கிறது. ஒரு கிணறு, நாலு தோட்டம், முறை வைத்து இறைப்பு. கிணற்றுப் பங்கு உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். தன் முறை வரும்போது தோட்டக்காரருக்கு முழுக் கிணறும் தன்னுடையதுதான். கணினியில் செயலியும் நினைவகமும் அந்தக் கிணறு. முறை பிரித்துக் கொடுக்கும் மென்பொருளை ‘ஹைப்பர்வைசர்’ என்பார்கள். உள்ளே இருக்கும் லினக்ஸோ விண்டோஸோ, முழுக் கணினியும் தனக்கே என்று நம்பி வேலை செய்யும். இந்தப் பிரிப்புக்கு வேண்டிய ஏற்பாடு இன்றைய ஆர்ம் செயலிகளுக்குள்ளேயே இருப்பதால், வேகம் பெரிதாகக் குறையாது.

ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே வருகிறவருக்கும் ஆர்ம் மொழி தெரிந்திருக்க வேண்டும். முறை பிரிப்பவர் மொழிபெயர்ப்பாளர் அல்ல.

மாணவர்கள் அதிகம் இடறுவது இந்த இடத்தில்தான். ‘வேர்ச்சுவல் பொக்ஸை நிறுவி அதில் உபுண்டு போடுக’ என்ற ஒரு வரி பல ஆய்வுகூடக் குறிப்புகளில் இருக்கும். முன்னது மெய்நிகர் இயந்திர மென்பொருள், பின்னது ஒரு லினக்ஸ் வகை. இன்டெல் கணினிக்கு அது அரை மணி நேர வேலை. எம்1 வைத்திருந்தவர்களுக்கோ அது நெடுங்காலம் சுவரில் முட்டுவது போலிருந்தது. ஆர்ம் மக்குகளில் ஆர்ம் லினக்ஸை ஓடவிடும் வசதி வேர்ச்சுவல் பொக்ஸுக்கு வந்தது 2024 செப்டெம்பரின் 7.1 பதிப்பில்தான். ஆர்ம் விண்டோஸ் 11 ஓட அடுத்த ஆண்டின் 7.2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தரவிறக்கும் கோப்பிலும் கவனம் தேவை. பெயரில் ‘ஏஎம்டி64’ என்றிருந்தால் அது இன்டெல் குடும்பத்துக்கானது. ‘ஆர்ம்64’ என்றிருப்பதே வேண்டியது. இந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் பல ஜிகாபைற் டேற்றாவைத் தொலைத்தவர்கள் குறைவில்லை.

விண்டோஸ் 11க்கும் ஆர்ம் பதிப்பு உண்டு. பக்கத்துக் கடைக்காரர் ‘போடலாம்’ என்றது இதைத்தான். எம்1, எம்2 மக்குகளில் பரலல்ஸ் டெஸ்க்ரொப் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருள் வழியாக ஆர்ம் விண்டோஸின் புரோ, என்ரர்பிரைஸ் பதிப்புகளை ஓட்ட 2023 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் அங்கீகாரம் கொடுத்தது. பரலல்ஸுக்குக் காசு கட்ட வேண்டும். விஎம்வெயார் ஃபியூஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். யூரிஎம் என்ற திறமூல மென்பொருளும் இலவசம். எதில் போட்டாலும் விண்டோஸுக்கு உரிமம் வாங்குவது தனிச் செலவு.

மண்ணெண்ணெய் இனித்தான் வருகிறது. ஆர்ம் விண்டோஸ் உள்ளே வந்துவிட்டாலும், ஊரில் ஓடும் விண்டோஸ் மென்பொருள்களில் பெரும்பாலானவை இன்டெல் மொழியில் எழுதப்பட்டவை. அவற்றின் ஆணைகளைத் தொகுதி தொகுதியாக ஆர்முக்குப் பெயர்த்துக் கொடுக்கும் வேலையை விண்டோஸே செய்கிறது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பில் அந்தப் பெயர்ப்பிக்கு ‘பிரிஸம்’ என்று பெயர். வேர்ட், எக்ஸெல் ஆகியவற்றுக்கு ஆர்ம் பதிப்பே இருப்பதால் சிக்கல் இல்லை. கனமான மென்பொருள் என்றால் பின்னால் இருவர் ஏறிய மோட்டார் சைக்கிள்தான். முழு இன்டெல் கணினியையே யூரிஎம்மில் போலியாக உருவாக்கி விண்டோஸ் எக்ஸ்பியை எழுப்பவும் முடியும். அதற்குக் கீழே வேலை செய்வது ஃபப்ரீஸ் பெலார் 2003இல் வெளியிட்ட கியூஎமு. பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்க அது போதும், நாள் முழுக்க வேலை செய்ய அல்ல.

பெயர்க்கவே முடியாதவையும் உண்டு. அவற்றை முதலில் சந்திக்கப்போகிறவர்கள் அச்சகத்தார். அந்தியேட்டிக்கு நினைவு மலர், கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர் என்று யாழ்ப்பாணத்து அச்சகங்கள் அடித்துத் தள்ளிய பக்கங்களில் பெரும்பகுதி பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் பாமினி எழுத்துருவிலும் பிறந்தவை. 2001இல் வெளியான 7.0தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு. அது 32 பிற்று மென்பொருள் என்பதால் பெயர்ப்பிக்கு எட்டக்கூடியது, ஆனால் ஒழுங்காக ஓடும் என்று அடோபி உத்தரவாதம் தந்ததில்லை. அதற்கும் முந்திய 16 பிற்று மென்பொருள்களை விண்டோஸ் 11 தொடவே தொடாது. அச்சுப்பொறிக்கான டிரைவரோ ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்டெல் டிரைவரைப் பெயர்த்து ஓட்ட வழியில்லை. பிடிஎஃப் ஆக்கி மக் பக்கமிருந்து அச்சிடுவது ஒரு சுற்றுவழி.

தமிழுக்கு இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தட்டெழுத்தை இடைமறித்துத் தமிழாக்கும் உள்ளீட்டு மென்பொருள்களும் ஆர்முக்கென்று திருத்தப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும் என்று மைக்ரோசொஃப்ட் எச்சரிக்கிறது. ஆண்டுக்கணக்காகப் பழகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஆர்ம் விண்டோஸில் ஊமையாகிவிடலாம். விண்டோஸோடு கூடவே வரும் தமிழ்99, அஞ்சல் பலகைகளுக்கு மாறுவதே அப்போது வழி. பாமினிக்கோ எந்தத் தடையும் இல்லை. அது மென்பொருளே அல்ல, ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களைக் குந்தவைத்த ஒரு எழுத்துரு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் ‘அம்மா’ வரும், எந்தச் செயலியிலும், எந்தப் பணிசெயல் முறைமையிலும். காலாவதியானது, தேடலுக்கு உதவாதது என்று யுனிகோட் ஆர்வலர்கள் திட்டித் தீர்த்த எழுத்துரு இது. திட்டியதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் எழுத்துரு இல்லாத கணினியில் அதே ‘அம்மா’ வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். ஆனாலும் எல்லை கடப்பதில் அதற்கு விசா தேவைப்படவில்லை.

ஆகவே அச்சகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இன்டெல் கணினியை இப்போதைக்குக் கழித்துவிடாமல் வைத்திருப்பதே புத்தி. மாணவர்களின் நிலை வேறு. லினக்ஸ், நிரலாக்கம், அலுவலக மென்பொருள் என்றால் ஆர்ம் கணினியும் மெய்நிகர் இயந்திரமும் தாராளமாகப் போதும். கைத்தொலைபேசிக்கும் இது இறங்கிவிட்டது: 2025 மார்ச்சில் கூகிள் தன் பிக்ஸல் தொலைபேசிகளுக்குள் டெபியன் லினக்ஸை மெய்நிகர் இயந்திரமாக ஓடவிட்டது.

கடைசியாக, கிணற்றின் ஆழம். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகம் கேட்கும். 8 ஜிபி மக்புக்கில் அதைக் கொடுத்தால் மக்குக்கு மிஞ்சுவது பாதிதான்; இரண்டு தோட்டமும் வாடும். 2024 ஒக்ரோபர் வரை மக்புக் எயரின் மலிவான பதிப்பு 8 ஜிபியோடுதான் விற்கப்பட்டது, இரண்டாம் கையாகக் கிடைப்பவற்றில் இவை அதிகம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினர் “என்ன கொண்டுவர?” என்று கேட்டால், 16 ஜிபி உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு இதில் நினைவகத்தைக் கூட்ட முடியாது.