கொடுத்தது பிரான்ஸ், தடுத்தது அமெரிக்கா... மகேந்திரகிரி கற்ற விண்வெளிப் பாடம்!

நெல்லையிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில், பணகுடி பக்கம் மேற்கே தெரிகிறது மகேந்திரகிரி மலை. அதன் அடிவாரத்தில் இருக்கிறது இஸ்ரோ உந்தும வளாகம். இந்திய மண்ணிலிருந்து மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான ராக்கெட் இன்ஜின்கள் சோதிக்கப்படுவது இங்கேதான்.

ககன்யான் நம் நாட்டுத் திட்டம். ஆனால், அதன் பின்னால் மற்ற நாடுகள் கொடுத்ததும் இருக்கிறது, தர மறுத்ததும் இருக்கிறது.

கிடைத்த இன்ஜின்

1974-ல் பிரான்ஸுடன் இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் போட்டது. நம் இன்ஜினீயர்கள் அங்கே சென்று, 'வைகிங்' இன்ஜின் உருவாக்கத்தில் சேர்ந்து உழைத்து, தொழில்நுட்பத்தைக் கற்றுவந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'விகாஸ்' இன்ஜின். நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணனுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. ககன்யான் ராக்கெட்டின் திரவ எரிபொருள் அடுக்கில் இரண்டு விகாஸ் இன்ஜின்கள் இருக்கின்றன.

கிடைக்காத இன்ஜின்

அதற்கு மேல் அடுக்கில் இருப்பது கிரையோஜெனிக் இன்ஜின். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனையும், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனையும் கையாள வேண்டிய சிக்கலான தொழில்நுட்பம் இது. 1991-ல் சோவியத் யூனியன் தர ஒப்புக்கொண்டது. அமெரிக்கா எதிர்த்தது. 1993-ல் ரஷ்யா, 'இன்ஜின் தருகிறோம், தொழில்நுட்பம் தர முடியாது' என்று பின்வாங்கியது.

வேறு வழியில்லாமல் நாமே உருவாக்கினோம். 2014 ஜனவரி 5-ம் தேதிதான் உள்நாட்டு கிரையோஜெனிக் இன்ஜின் வெற்றிகரமாகப் பறந்தது. அடுத்து வந்த சி.இ.-20 இன்ஜின், மனிதர்களைச் சுமக்கத் தகுதிபெற குறைந்தது 6,350 விநாடிகள் எரிந்து காட்ட வேண்டும். சோதனைகளில் அது எரிந்ததோ மொத்தம் 8,810 விநாடிகள்! கடைசிக்கட்டச் சோதனை 2024 பிப்ரவரியில் மகேந்திரகிரியில் முடிந்தது.

கசிவைக் கவனித்த கண்கள்

2025 ஜூனில், சுபான்ஷு சுக்லா அமெரிக்காவின் ஃபால்கன்-9 ராக்கெட்டில் சர்வதேச விண்வெளி நிலையம் செல்லக் காத்திருந்தார். உடன் செல்வோர் அமெரிக்கா, போலந்து, ஹங்கேரி நாட்டினர். ஏவுவதற்கு முன் நடந்த சோதனையில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரியவந்தது. அங்கிருந்த இஸ்ரோ குழு, ஆக்ஸியம், ஸ்பேஸ் எக்ஸ் நிபுணர்களோடு பேசியது. கசிவைச் சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகே ஏவுவது என்று முடிவானது.

அந்தக் குழுவுக்குத் தலைமை, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான இஸ்ரோ தலைவர் வி.நாராயணன். அவரே கிரையோஜெனிக் நிபுணர்! ஒருகாலத்தில் நமக்குக் கிடைக்கவிடாமல் தடுக்கப்பட்ட தொழில்நுட்பத்தில் தேர்ந்தவர்கள், அமெரிக்க ராக்கெட்டின் பாதுகாப்பு பற்றி அமெரிக்க நிபுணர்களோடு சமமாக உட்கார்ந்து பேசினார்கள்.

ஜூன் 25 அன்று நால்வரும் புறப்பட்டு, ஜூலை 15 அன்று பத்திரமாகத் திரும்பினார்கள்.

இப்போதும் கூட்டுறவு தொடர்கிறது. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட ககன்யான் வீரர்கள் நால்வரும் ரஷ்யாவில் பயிற்சி பெற்றவர்கள். கேட்டு வாங்கும் உதவி ஒரு பக்கம் இருந்தாலும், ஏறி உட்காரும் உயிர்களுக்கு நாம்தானே பொறுப்பு? அதனால்தான் மகேந்திரகிரியில் ஒவ்வோர் இன்ஜினும் விநாடிக் கணக்கில் எரித்துப் பார்க்கப்படுகிறது.