டப்பாவும் பாட்டிலும்

அம்பாசடர் காரைச் சில ஆண்டுகள் வெயிலிலேயே நிறுத்தி வைத்தால் அதன் கூரையும் பானெட்டும் மாவு பூத்து வெளுத்துவிடும். விரலால் தடவினால் காரின் நிறம் விரலில் ஒட்டும். ஐம்பதுகளின் இறுதியிலிருந்து 2014 வரை வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் உருவான அந்த வண்டிக்கு, அதன் ஆயுளின் பெரும்பகுதியில், பெயிண்ட் என்பது ஒரே வகை அடுக்குதான். நிறமும் பளபளப்பும் அதற்குள்ளேயே இருந்தன. வெயிலும் மழையும் நேராக நிறத்தின் மீதே விழுந்தன.

இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் நிறம் கீழே இருக்கிறது. அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட். பிரைமரில் தொடங்கி எல்லா அடுக்கும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50. தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், பல லட்சம் கொடுத்து வாங்கும் காரின் பளபளப்பு எவ்வளவு மெலிந்த இடத்தில் குடியிருக்கிறது என்பது விளங்கும்.

அன்று வேலை முழுவதும் கையில் இருந்தது. பொங்கலுக்கு முன்போ ஆயுத பூஜைக்கு முன்போ வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, ரப்பிங் காம்பவுண்டைப் பனியன் வேஸ்டில் தொட்டுத் தேய்ப்பார்கள். கறுப்பு அம்பாசடரைத் தேய்த்தால் துணி கறுப்பாகும். அதைப் பார்த்து யாரும் பதறியதில்லை. வெளுத்த மேற்பரப்பு துணியோடு போக, அடியிலிருந்து புது நிறம் வெளியே வரும். பிறகு டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ். உயர்ந்த டப்பாக்களில் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னுபா மெழுகு இருக்கும். தூய நிலையில் அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். எண்ணெயும் கரைப்பானும் கலந்து பாலிஷாக்கிய பிறகு அந்த உறுதி குறைந்துவிடும். மே மாத நடுப்பகலில் கரிய தகட்டின் சூடு 70 டிகிரியைத் தொடுகிற ஊரில் அது எத்தனை வாரம் தாங்கும்? முதல் இரண்டு மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருளும். அதன் பிறகு படிந்து பரவத் தொடங்கிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபடியும் டப்பா திறக்கும்.

மெழுகு வாங்க மனமில்லாதவர்கள் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து துடைத்தார்கள். உடனடிப் பளபளப்பு கிடைத்தது. சாயங்காலத்துக்குள் தெருப்புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது. பம்பருக்கும் வீல் கப்புக்கும் பிராசோ என்ற உலோக பாலிஷ். ஓட்டுநரின் தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. கடையில் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. இருந்த இரண்டு மூன்று டப்பாக்களில் ஒன்றை எடுத்தால் முடிந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியது தேய்த்தவரின் தோள்வலிதான்.

இப்போது அந்த வலி கைக்கு இல்லை. கடையின் முன் நிற்கும்போது தலைக்கு வருகிறது. சென்னை ஜி.பி. ரோட்டில் கார் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் அலமாரி நிறையப் பாட்டில்கள். காம்பவுண்ட், பாலிஷ், கிளேஸ், வாக்ஸ், சீலன்ட், செராமிக் ஸ்பிரே. புது கார் எடுக்கும்போதே ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் போடலாமா என்று கேட்கிறார்கள். டெஃப்லான் உருகும் வெப்பநிலை 327 டிகிரி. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அது ஒட்டி நிற்பது உலையில் சுட்டெடுப்பதால். கார் தகட்டில் அந்தச் சூட்டை ஏற்றினால் பெயிண்டே மிஞ்சாது. அந்தப் பெயரில் பூசப்படுவது, எப்படிப் பார்த்தாலும், ஒரு பாலிஷ்தான். செராமிக் பாட்டில்களில் அச்சிடும் 9எச் கடினமும் அப்படியே. அது வைரத்தோடு ஒப்பிடும் அளவுகோல் இல்லை. பூச்சின் மேல் பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையில் 9எச் என்பது மிகக் கடினமான பென்சில். சாவியின் நுனிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் ஆல் இன் ஒன் என்று ஒரு வகை இருக்கிறது. அழுக்கை எடுக்கும் கரைப்பான், கீறலைக் குறைக்கும் நுண்ணிய அலுமினாத் துகள், மேலே தங்கிக் காக்கும் பாலிமர், மூன்றும் ஒரே பாட்டிலில். காரைத் தானே பார்த்துக்கொள்ள நினைக்கிற, ஆனால் ஒரு முழு நாளைக் கொடுக்க முடியாத ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் எண்ணம். இது புதுமை என்றுதான் விற்கிறார்கள். ஆனால் பழைய திரவ பாலிஷ்களிலும் சுத்தம் செய்யும் கரைப்பான், தேய்க்கும் மண்துகள், மினுக்கும் மெழுகு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. மாறியது துகளின் நேர்த்தியும் மெழுகின் இடத்தில் வந்த பாலிமரும். பழைய துகள் கண்டபடி கீறியது, ஆனால் கீறுவதற்குப் பெயிண்ட் இருந்தது. இன்றைய துகள் கிளியர் கோட்டில் ஒன்றிரண்டு மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது.

வாங்கும்போது பாட்டிலின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் பயனுள்ளது. கையால் தேய்க்கலாமா, மெஷின் வேண்டுமா என்று எழுதியிருக்கும். மெஷினுக்கென்று செய்ததைக் கையால் தேய்த்தால் துகள் தன் வேலையைச் செய்யாமலே காய்ந்துவிடும். காய்ந்த பிறகு எளிதில் துடைக்க வருமா, கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வெள்ளைத் தடம் விடுமா என்பதை வாங்கியவர்களிடம் கேட்பது நல்லது. கடைக்காரர் சொல்ல மாட்டார். பன்னிரண்டு மாதம் பாதுகாப்பு என்ற வாக்கை நம் வெயிலுக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. ஆழமான கீறல் போகும் என்று சொல்கிற ஆல் இன் ஒன்னைத் தள்ளிவிடலாம். ஒன்று அது பொய். அல்லது அதிலுள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கிறது, நாலு முறை கழுவினால் கீறல் திரும்பி வரும். தேய்த்த ஒரு சிறு இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். துடைத்த இடத்தில் சீலன்டும் குறையும்; பார்த்தபின் அங்கே மறுபடி பூச வேண்டும்.

வேலை என்னவோ எளிதுதான். கழுவிக் காயவைத்த வண்டியை, தகடு தொட்டால் சுடாத நேரத்தில், ஒரு கதவளவு இடமாகப் பிரித்து, நாணயமளவு பாலிஷை ஸ்பாஞ்சில் தொட்டுத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். நடுத்தர அளவுள்ள கார் ஒரு காலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும். போர் தண்ணீரில் கழுவுகிற வீடுகளில் உப்புப் பொட்டு காய்ந்து கறையாகும் தொல்லையும் குறையும். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம், சீலன்ட் மேல் இருந்தால், மறுநாளே வைத்த சுவடு தெரியாமல் கழுவிப் போய்விடுகிறது.

இதில் கிடைத்தது நேரம், சந்தேகமில்லை. பெயிண்டும் நீண்ட காலம் நிற்கிறது. பத்து வருடப் பழைய கார் இன்று வெளுக்காமல் ஓடுவது சாதாரணம். அன்று அது அரிது. ஆனால் பழைய பெயிண்ட் தன் நோயை முன்கூட்டிச் சொன்னது. வெளுத்தது, கண்டோம், தேய்த்தோம், மீண்டது. கிளியர் கோட் வருடக்கணக்கில் ஒன்றும் சொல்லாது. பிறகு ஒரு கோடையில் கூரையில் தோல் உரிவது போல் உரியும். அதன் பிறகு எந்தப் பாட்டிலும் உதவாது. மறுபடி பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

இன்னொன்றும் போயிற்று. அங்குலம் அங்குலமாகக் கையால் தேய்த்தவருக்குத் தன் வண்டியின் உடம்பு தெரிந்திருந்தது. வீல் ஆர்ச்சின் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளித்தால் அடியில் துரு பிடித்திருக்கிறது என்று விரல் முதலில் அறியும். டிங்கரிங் கடைக்கு அப்போதே போவார்கள். இன்று வாட்டர் வாஷ் கடையில் நுரை அடித்து அரை மணியில் திருப்பித் தருகிற பையனுக்கு அது தெரிய நியாயமில்லை, உரிமையாளருக்கும் தெரிவதில்லை. அந்தக் கடையின் ஒரே துணி நாள் முழுக்க எல்லா கார்களையும் துடைக்கிறது. வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை போல் வட்ட வட்டமாகத் தெரிகிற கீறல்கள் பெரும்பாலும் அந்தத் துணி வரைந்தவை.

பழைய அம்பாசடரை இன்னும் வைத்திருப்பவர்கள் இந்தப் புதிய பாட்டிலை வாங்குவது உண்டு. தேய்க்கத் தொடங்கியதும் துணியில் நிறம் ஏறுவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை. ஒற்றை அடுக்குப் பெயிண்ட் அப்படித்தான் செய்யும். வெள்ளை வண்டியென்றால் வெள்ளைத் துணியில் அது தெரியாது. கறுப்புத் துணியால் தேய்த்துப் பார்த்தால் எந்த வகைப் பெயிண்ட் என்று அறியலாம். நிறம் வந்தால் துணியை அடிக்கடி மாற்றிக்கொண்டு, மூலைகளிலும் விளிம்புகளிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, மெதுவாகத் தொடரலாம். ஓரங்களில் பெயிண்ட் எப்போதும் மெலிவாகவே இருக்கும்; அங்கே இரண்டு தேய்ப்பு கூடினால் பிரைமர் எட்டிப் பார்க்கும்.